ஒரு லிட்டர் சாட்சி

கேள்வி: ஐயா, தேனி மாவட்டத்தில் நெடுஞ்சாலை ஓரமாகப் பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் 19 வருடம் பார்த்தார். அவர் போனபின் 4 வருடமாக நான் பார்க்கிறேன். இதுவரை ஒரு கெட்ட பெயர் இல்லை. இரண்டு மாதம் முன்பு நிறுவனத்தின் அதிகாரி வந்து நாசிலில் பெட்ரோல் சாம்பிள் எடுத்தார். எங்களுக்கும் இரண்டு புட்டி கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். 16-ஆம் நாள்தான் லேபுக்குப் போயிருக்கிறது. டெஸ்ட் என்றைக்கு என்று எங்களுக்குச் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் டென்சிட்டி சரி, ஆக்டேன் சரி, இறுதிக் கொதிநிலை மட்டும் 219 என்று ஃபெயில். கலப்படம் என்று ஷோகாஸ் நோட்டீஸ் கொடுத்து சப்ளையை நிறுத்திவிட்டார்கள். பதில் சொல்ல மாதக் கடைசி வரை அவகாசம் வாங்கியிருக்கிறோம். லோடு கொண்டுவந்தது அவர்களுடைய காண்ட்ராக்ட் லாரி. இறக்குமுன் டென்சிட்டி பார்த்து எழுதியிருக்கிறோம், லாரிச் சாம்பிளும் பெட்டியில் இருக்கிறது. தகராறு வந்தால் நடுவரிடம்தான் போகவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருப்பதாக என் தம்பி சொல்கிறான். பங்க் போய்விடுமா? செய்யாத தப்புக்கு நான் எப்படி நிரூபணம் காட்டுவது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அம்மா, லாரிச் சாம்பிள் பெட்டியில் இருக்கிறது என்ற வரியைப் படித்ததும் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. இந்த வழக்குகளில் டீலருக்காகப் பேசக்கூடிய சாட்சி அந்த ஒரு லிட்டர்தான். அது இல்லாமல் என்னிடம் வருகிறவர்களே அதிகம்.

முதலில் அந்த 219 என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பெட்ரோலைக் காய்ச்சினால் கடைசித் துளி எந்த வெப்பத்தில் ஆவியாகிறதோ அதுதான் இறுதிக் கொதிநிலை. இந்தியத் தர நிர்ணயப்படி அது 210 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. தாண்டியிருந்தால் கனமான எண்ணெய் ஏதோ உள்ளே இருக்கிறது. அது மண்ணெண்ணெயாக இருக்கலாம், டீசலாக இருக்கலாம். யார் கலந்தது, எங்கே கலந்தது என்பதை அந்த எண் சொல்லாது. கலப்படம் என்ற சொல்லை அதன்மேல் ஏற்றியது நோட்டீஸ் எழுதியவர்.

டென்சிட்டி சரியாக இருந்ததே என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில் பெட்ரோலின் அடர்த்தி ஏறக்குறைய 740, டீசலுக்கு 830. நூற்றுக்கு ஒரு பங்கு டீசல் கலந்தால் அடர்த்தி 0.9 மட்டுமே கூடும். இன்வாய்ஸில் உள்ள அடர்த்திக்கும் நீங்கள் பார்ப்பதற்கும் 3 வரை வித்தியாசம் அனுமதி. ஆகவே லாரியின் 4,000 லிட்டர் அறையில் 40 லிட்டர் டீசல் தங்கியிருந்தாலும் உங்கள் ஹைட்ரோமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. முந்தைய நடையில் டீசல் ஏற்றிய அறையைச் சரியாக வடிக்காமல் பெட்ரோல் ஏற்றினால் இப்படி ஆகும். மண்ணெண்ணெய் என்றால் இன்னும் மோசம், ஐந்து சதவீதம் வரைகூட அந்த 3-க்குள் ஒளிந்துகொள்ளும். இறக்குமுன் டென்சிட்டி பார்க்கும் டீலர் தன் கடமையைச் செய்தவர். அதற்கு மேல் கண்டுபிடிக்க அவர் கையில் கருவி இல்லை. இதை உங்கள் பதிலில் எண்களோடு எழுதுங்கள்.

அதற்குமுன் உங்கள் பங்கையே ஒருமுறை சந்தேகக் கண்ணோடு பாருங்கள். அந்த வாரம் டீசல் குழாயை யாராவது தவறிப் பெட்ரோல் டேங்கில் மாட்டினார்களா? ஸ்டாக் கணக்கில் டீசல் குறைந்து பெட்ரோல் கூடியிருக்கிறதா? இருந்தால் அதை மறைத்துப் பதில் எழுதவேண்டாம். கவனக்குறைவும் கலப்படமும் ஒன்றல்ல. மறைத்தது தெரிந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

சட்டத்துக்கு வருகிறேன். பெட்ரோல், டீசல் முறைகேடுகளைத் தடுக்க 2005-இல் மத்திய அரசு பிறப்பித்த ஆணை, சாம்பிள் எடுக்கும் முறையை வரிவரியாகச் சொல்கிறது. பெட்ரோல் என்றால் ஒரு லிட்டர் வீதம் ஆறு புட்டி. இரண்டு டீலருக்கு, இரண்டு நிறுவனத்துக்கோ துறைக்கோ, இரண்டு லேபுக்கு. பிளாஸ்டிக் ஆகாது, கண்ணாடி அல்லது அலுமினியம்தான். லேபிளில் இருவர் கையெழுத்தும் வேண்டும். 10 நாளுக்குள் லேபுக்கு அனுப்பவேண்டும், 20 நாளில் ரிப்போர்ட், அதிலிருந்து 5 நாளில் உங்களுக்குத் தகவல். உங்கள் சாம்பிள் 16-ஆம் நாள் போயிருக்கிறது.

கெடு தவறியதாலேயே எல்லாம் செல்லாது என்று எல்லா நீதிமன்றமும் சொல்லிவிடாது. தாமதத்தால் உனக்கு என்ன கெட்டது என்று கேட்பார்கள். பெட்ரோல் ஆவியாகும், லேசான பகுதி போய்விடும் என்று பலரும் வாதிடுகிறார்கள். டென்சிட்டி ஃபெயில் ஆனவருக்கு அது உதவும். கொதிநிலை ஒன்பது டிகிரி ஏறியதற்கு அது மட்டும் காரணம் என்றால் எடுபடாது. ஆகவே தாமதத்தைச் சொல்லுங்கள், அதையே நம்பியிருக்காதீர்கள்.

உங்கள் பலமான வாதம் வேறு. டெஸ்ட் நடந்தது உங்களுக்குத் தெரியாது. சூப்பர் ஹைவே சர்வீசஸ் என்ற டீலருக்கும் இந்துஸ்தான் பெட்ரோலியத்துக்கும் நடந்த வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது. டீலரோ அவர் ஆளோ உடனிருக்கும்படி முன்கூட்டித் தகவல் தரவேண்டும், ஏஜென்சியை ரத்து செய்வது விளையாட்டுக் காரியம் அல்ல என்று சொல்லி டீலர் பக்கம் நின்றது. 2011-இல் அலைடு மோட்டார்ஸ் வழக்கிலும் அப்படித்தான். 30 ஆண்டு பங்க் நடத்தியவரை நடைமுறையை மீறி அவசர அவசரமாக நீக்கியதை ஏற்கவில்லை.

நடுவர் மன்ற விஷயத்தில் உங்கள் தம்பி சொன்னது பாதி சரி. அங்கே போகலாம். ஆனால் அங்கே என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். அமிர்தசரஸ் கேஸ் சர்வீஸ் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: 30 நாள் நோட்டீஸில் முடித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தம் என்றால், ரத்து தவறாகவே இருந்தாலும் நடுவர் ஏஜென்சியைத் திருப்பித் தரமுடியாது, அந்த 30 நாள் நஷ்டத்தைத்தான் தரலாம். 23 வருட உழைப்புக்கு ஒரு மாத வருமானம்! ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் இதை எந்த டீலருக்கும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். இன்னொன்று, பழைய ஒப்பந்தங்களில் நிறுவனத்தின் அதிகாரியே நடுவர் என்று இருக்கும். 2015-இல் சட்டம் திருத்தப்பட்டபின் அது செல்லாது. பொதுத்துறை ஒப்பந்தங்களில் ஒரு தரப்பு மட்டும் நடுவரை நியமிப்பதும் கூடாது என்று 2024-இல் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது.

பங்க்தான் வேண்டும் என்றால் வழி ரிட் மனு. ஹர்பன்ஸ்லால் சாஹ்னியா வழக்கில் 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நடுவர் பிரிவு இருப்பதாலேயே உயர் நீதிமன்றத்தின் கதவு மூடாது என்றது. அந்த டீலருக்கு அதுதான் பிழைப்பு என்பதையும் கருதியது. உங்கள் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. உங்கள் சப்ளையர் பொதுத்துறை நிறுவனம் என்றால்தான் இந்த வழி இப்படித் திறந்திருக்கும், தனியார் என்றால் கடினம். ஒன்றை நினைவில் வையுங்கள். டீசல் எங்கே கலந்தது என்ற விசாரணையில் உயர் நீதிமன்றம் இறங்காது. காகிதத்தில் தெரிகிற தவறைத்தான் பார்க்கும். நோட்டீஸ் இல்லாத டெஸ்ட், 16-ஆம் நாள், பரிசோதிக்கப்படாத லாரிச் சாம்பிள் எல்லாமே காகிதத்தில் தெரிகிற தவறுகள்.

ஆகவே இந்த வாரமே ஒரு கடிதம் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும். உங்களிடமுள்ள நாசில் சாம்பிள், அந்த லோடின் லாரிச் சாம்பிள், அதற்கு முந்தைய லோடின் சாம்பிள், டிப்போவில் அவர்கள் வைத்திருக்கும் அதே நாளின் சாம்பிள், எல்லாவற்றையும் ஒரே லேபில், உங்கள் முன்னிலையில் பரிசோதிக்கக் கேளுங்கள். முந்தைய லோடு ஏன் என்றால், நாசிலில் வருவது ஒரு லாரியின் எண்ணெய் அல்ல, டேங்கில் மிஞ்சியதும் புதியதும் சேர்ந்தது. அந்த லாரி முந்தைய நடையில் எந்த அறையில் என்ன ஏற்றியது என்ற பதிவையும் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பே உங்கள் மனுவுக்கு ஆவணம்.

லாரிச் சாம்பிளும் 210-ஐத் தாண்டினால் நஷ்ட ஈடு கேட்க இடமுண்டு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்குகிறவர் சரக்கைப் பரிசோதித்துப் பார்க்க உரிமை உள்ளவர். ஏற்றுக்கொண்டபின் திருப்பி அனுப்ப முடியாது, நஷ்டத்தைக் கேட்கலாம். இறக்கியபின் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். வெளியே தெரியாத குறைக்கு அந்த வரி எவ்வளவு தூரம் பாயும் என்பதை உங்கள் வழக்கறிஞர் வாதிடவேண்டும்.

அதிகாரிமேல் கோபம் வேண்டாம். 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில், கலப்படப் பங்கைப் பிடித்ததற்காக மஞ்சுநாத் என்ற இந்தியன் ஆயில் அதிகாரி, 27 வயது, சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த விதிகளின் கடுமைக்கு அப்படிப்பட்ட காலமும் ஒரு காரணம். அதே விதிகள்தான் இன்று உங்களையும் காக்கின்றன.

சாம்பிள் பெட்டியை நிழலான, தீப்பொறி வராத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும். சீல்களின் எண் தெரியும்படி தேதியோடு படம் எடுத்துவையுங்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுக்காமல் யார் கேட்டாலும், எவ்வளவு பெரிய அதிகாரி ஆனாலும், அந்தப் புட்டிகளைக் கொடுக்காதீர்கள்.