முகவரியைக் கொண்டு மனிதரை அளப்பதா?



பிலிப்பு யேசுவைப்பற்றி எடுத்துரைத்தபோது, நத்தனயேலின் மனதில் தைத்தது ஊரின் பெயரே. நாசரேத்திலிருந்து நல்லது ஏதும் வரக்கூடுமோ என்று அவர் ஐயுற்றார் (அருளப்பர் 1:46). ஆளைக் காணுமுன்னரே தீர்ப்பு முடிந்துவிட்டது!

அதே கேள்வியை நாமும் கேட்கிறோம். கொழும்பில் ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான குடிமனைகளிலும், அரசாங்கம் கட்டிய தொடர்மாடிகளிலும் வாழ்பவர் யார்? மூட்டை சுமப்போர், தெருக் கூட்டுவோர், மரக்கறி விற்போர், நம் வீடுகளில் சமைத்துத் துவைப்போர். இவர்களின்றி நகரம் ஒரு நாளேனும் இயங்குமா? ஆயினும், “அந்த மாடி வீட்டு ஆட்களா?” என்ற ஒரே சொல்லால் எல்லோரையும் கள்வரும் குடிகாரருமாக்கிவிடுகிறோம். 2001ஆம் ஆண்டில் ‘சஹஸ்புர’ மாடிக் கட்டடம் எழுந்தபோது, 600க்கு மேற்பட்ட குடும்பங்களுக்கான வீடுகள் அதில் அமைந்தன. குடிசை மாடியாகலாம்; நமது பார்வை மாறாவிடில் ஏளனமும் மாடியேறிக் கூடவே குடிபுகும்.

ஏளனம் மனதை மட்டுமா புண்படுத்துகிறது? உயிரையும் குடிக்கும். இலண்டனில் செல்வர் நிறைந்த கென்சிங்டன் பகுதியில், ‘கிரென்ஃபெல்’ என்னும் 24 மாடிப் பொது வீடமைப்புக் கட்டடம் இருந்தது. தீ ஆபத்தைக் குறித்து அங்கு வாழ்ந்தோர் பலமுறை முறையிட்டனர். நிருவாகமோ அவர்களுட் சிலரைத் தொல்லை கொடுப்போராகவே நோக்கியது. 2017 யூன் 14இல் மூண்ட தீ, வெளிச்சுவரில் புதிதாகப் பொருத்திய தகடுகள் வழியே மேலேறிப் பரவியது. 72 பேர் மாண்டனர். அம்மரணங்கள் யாவும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று 2024இல் விசாரணைக் குழுவின் தலைவர் கூறினார். சொன்னது என்ன என்று ஆராயாமல், சொன்னவர் யார் என்று பார்த்ததும் அவ்வழிவுக்கு ஒரு காரணமன்றோ?

திருச்சபையின் போதனை தெளிவானது. செய்யும் வேலையின் தரமல்ல, அதைச் செய்பவர் மனிதர் என்பதே உழைப்புக்கு மதிப்பளிக்கிறது என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981ஆம் ஆண்டின் சுற்றுமடலில் கற்பித்தார். பொன் மோதிரம் அணிந்தவருக்கு நல்லாசனமும் ஏழைக்குக் காலடியும் காட்டுவோரை யாகப்பர் கண்டிக்கிறார்.

நம் பங்குகளை நோக்குவோம். பங்குச் சபையில் தொடர்மாடியிலிருந்து எத்தனை பேர் அமர்கின்றனர்? குழாயில் தண்ணீர் வரவில்லை, மின்தூக்கி பழுது என்று அவர்கள் முறையிட்டால், அவர்களோடு அலுவலகப் படியேற நம்மில் யார் முன்வருகிறோம்? பெண் கேட்டு வருவோரின் விலாசத்தைக் கண்டதும் முகஞ்சுளிக்கிறோமா?

பிலிப்பு தம் நண்பரோடு வாதாடவில்லை. நேரில் வந்து காணும்படி அழைத்தார். நத்தனயேலும் தமது எண்ணத்தை ஒருபுறம் வைத்துவிட்டு எழுந்து போனார். இறைமகனைக் கண்டுகொண்டார்.

வாசகரே, நீரும் இந்த வாரம் ஒருமுறை அப்படிகளில் ஏறிப் பாரும். தருமம் கொடுக்கவன்று; அயலவராய் அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்க.