எந்தத் தொழிலைப் பழகுவது? டிக்கோயா தோட்டக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்ததும் லயங்களில் பேச்சு சூடு பிடிக்கும். பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்புவதா, ஹட்டனில் ஒரு கோர்ஸில் சேர்ப்பதா, தோட்டத்திலேயே பேர் பதிவதா? தோட்டத்து நாட்சம்பளம் 2024இல் 1350 ரூபாவாக உயர்ந்தது. பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு நாட்சம்பளம் வராது. அதனால் கோர்ஸின் பெயரைப் பார்க்குமுன் இரண்டைக் கணக்குப் பாருங்கள்: வருமானம் இல்லாமல் வீடு எத்தனை மாதம் தாங்கும்? பழகிய வேலைக்குக் காசு கொடுக்க பஸ் போகும் தூரத்தில் ஆள் இருக்கிறதா?

முழுநேரப் பயிற்சி

ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம், அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்கள் போன்றவை இந்த வகை. இங்கே தேடவேண்டியது என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழில் தகைமை. அதில் ஏழு மட்டங்கள் உண்டு. நான்கு வரை கைத்தொழில் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். கணிதத்தில் சித்தி பெறாத பிள்ளைக்கும் கீழ்மட்டப் பாடநெறிகள் பலவற்றில் இடம் கிடைக்கும்; அங்கிருந்து படிப்படியாக மேலே போகலாம்.

கோர்ஸ் முடிந்தவுடன் கையில் தருவது வெறும் வருகைச் சான்றிதழாகவும் இருக்கலாம். செய்முறை மதிப்பீட்டில் தேறினால்தான் என்.வி.கியூ. ஆகவே சேரும் நாளிலேயே மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தக் கோர்ஸ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா? மதிப்பீடு எப்போது? பாடம் தமிழில் நடக்குமா? சிங்களத்தில் மட்டும் நடக்கும் வகுப்பில் சேர்ந்து, பாதியில் நின்றுவிடும் பிள்ளைகள் நம்மில் உண்டு.

எதைப் படிக்கலாம்? காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய தொரை பங்களாக்கள் சில இன்று சுற்றுலா விடுதிகள். சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பரில் தொடங்கி மே வரை நீள்கிறது; அந்த மாதங்களில் ஹட்டன், மஸ்கெலியா வழியெங்கும் யாத்திரிகர்கள். சமையல், அறைப் பராமரிப்பு, மின்வேலை, குழாய்வேலை தெரிந்தவர் இந்தப் பக்கத்திலேயே வேலை தேடலாம்.

வேலை செய்துகொண்டே பழகுவது

பல மாதம் சும்மா இருக்க முடியாத வீட்டுக்கு, அரசின் பயிலுநர் பயிற்சி நிறுவனமான நைட்டா வழியாகப் பயிலுநராவது பொருந்தும். கராஜிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்தபடியே கற்கலாம். சிறு உதவித்தொகையும் உண்டு. குறை என்னவென்றால், எல்லாம் பழக்கும் பாஸைப் பொறுத்தது. ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதிலும் தேத்தண்ணி வாங்கி வருவதிலும் ஒரு வருஷம் போய்விடலாம். பயிலுநர் ஒப்பந்தம் முறையாகப் பதிவாகியிருந்தால் கேட்க ஓர் அதிகாரி இருப்பார். பதிவில்லாவிட்டால் பிள்ளை வெறும் கையாள்தான்.

ஏற்கெனவே வேலை தெரிந்தவருக்கு

பத்து வருஷம் கொழும்பில் மேசன் வேலையோ ஹோட்டல் சமையலோ பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலைகளின் படங்கள், முதலாளி தந்த கடிதம் போன்ற சான்றுகளைக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்டி என்.வி.கியூ பெறலாம். செலவும் நேரமும் மிகக் குறைவு. ஆனாலும் தோட்டங்களில் இதைக் கேட்டுப் போவோர் குறைவு. வெளிநாட்டு வேலைக்கு நினைப்பவர் ஏஜென்சிக்குப் பணம் கட்டுமுன் இதை முடிப்பது நல்லது. அந்த ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டிலிருந்தே செய்வது: தையலா, மாடா?

தொண்டு நிறுவனங்கள் பெண்களுக்குத் தருவது பெரும்பாலும் தையல் மெஷின்தான். அரசு இலவசமாகத் தரும் சீருடைத் துணியைத் தைக்கப் பாடசாலை தொடங்கும் காலத்தில் ஆட்கள் வருவார்கள்; தீபாவளிக்கு முன்பு சட்டை தைக்க வருவார்கள். மற்ற மாதங்களில் கிழிந்ததைத் தைப்பதும் சிப் மாற்றுவதுமே மிஞ்சும். ஒரே லயத்தில் ஐந்து பேருக்கு மெஷின் கொடுத்தால் ஐவருக்கும் போதிய வேலை இராது. ஒருவர் வெட்ட, ஒருவர் தைக்க, ஒருவர் ஓவர்லொக் அடிக்க எனக் கூட்டாகச் சேர்ந்து கடைகளின் ஓடரைப் பிடித்தால்தான் ஆண்டு முழுக்க வேலை.

பசு வளர்த்தால் பாலுக்கு நாள்தோறும் காசு உண்டு. விலை பாலிலுள்ள கொழுப்பைப் பொறுத்தது. காலையும் மாலையும் கறக்க வேண்டும், புல் வெட்ட வேண்டும். கன்று ஈனுமுன் இரண்டு மாதம் பால் வற்றும். பட்டி போடும் இடம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பால் சேகரிப்பு நிலையம் நடக்கும் தூரத்தில் இல்லையென்றால் பசு வேண்டாம். கொழுந்தெடுக்கப் போகிறவருக்குத் தையலை மாலையில் வைத்துக்கொள்ளலாம். மாட்டை அப்படித் தள்ளிப்போட முடியாது. வீட்டில் இன்னோர் ஆள் வேண்டும்.

முடிவாக

ஆறு மாதம் தாங்கும் வீடு என்றால் பிள்ளைக்கு என்.வி.கியூ முழுநேரப் பயிற்சி. தாங்காது என்றால் பதிவான பயிலுநர் இடம். கைவேலை தெரிந்த பெரியவருக்கு மதிப்பீடு. வீட்டில் இருப்பவருக்கு, வாங்குவோர் யாரென்று தெரிந்த பிறகே மெஷினோ மாடோ. அதற்கென்று நுண்கடன் எடுக்க வேண்டாம். விற்பனை சீராகுமுன்பே வாரத் தவணை வந்து நிற்கும். இத்தனைக்கும் பிறகு கொழும்புக் கடைதான் என்று முடிவானால், ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டும் முதலாளியாகப் பாருங்கள். சம்பளத்தில் 8 வீதம் பிள்ளையிடமிருந்து, 12 வீதம் முதலாளியிடமிருந்து: இது சட்டம், சலுகை அல்ல.