கற்றற்குறையுடைய பெரியோரும் கருவித் துணையும்

கண்ணிற் பழுதில்லை, செவியிற் குறையில்லை, அறிவிலும் பிறர்க்குப் பிற்பட்டவரல்லர், ஆயினும் அச்சிட்ட பக்கத்தை எதிரில் வைத்தவுடன் எழுத்தும் சொல்லும் பிடிபடாது இடர்ப்படுவார் உலகிற் பலர் உளர். இவர்தம் நிலையை மருத்துவ நூலார் டிஸ்லெக்ஸியா என்பர். எழுதுவதில் நேரும் இடர் டிஸ்கிராபியா எனப்படும். எண்ணிலும் கணக்கிலும் நேர்வது டிஸ்கால்குலியா. இவற்றை ஈண்டுக் கற்றற்குறை என வழங்குவோம். இக்குறையை அறிவின்மையென்று மயங்குதல் பள்ளிகளில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் பிழை.

1896-ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில வைத்தியர், 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' என்னும் பத்திரிகையில் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவன் விளையாட்டில் எவர்க்கும் இளைத்தவனல்லன். கணக்கை எளிதிற் செய்வான். ஆனால் பல்லாண்டு முயன்றும் வாசிக்கக் கற்றிலன். பாடம் முழுதும் வாய்மொழியாகவே நடக்குமாயின் பள்ளியில் அவனே முதல்வனாவான் என்று அவனுக்குக் கற்பித்த ஆசிரியர் கருதியதாகவும் அவ்வைத்தியர் குறித்துள்ளார். இன்றைய கருவிகள் பலவற்றின் வித்து அவ்வாசிரியர் கருத்திலேயே அடங்கியுள்ளது எனலாம். கண்வழி அடைபட்டதைச் செவிவழித் திறந்துவிடுதலே அவற்றின் தொழில்.

இக்குறை வயது ஏறத் தானே நீங்குவதன்று. சிறுவனுக்கு ஆசிரியராவது அருகிருப்பர். வளர்ந்தவனுக்கோ அதனை மறைத்தலே வாழ்க்கையாகிவிடுகின்றது. படிவத்தை நிரப்புமாறு அலுவலகத்தில் ஒருவர் நீட்டினால், மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவந்தேன் என்பான். பதவி உயர்வு வருமாயின், எழுத்து வேலைக்கு அஞ்சி வேண்டா என்பான். இத்தகையோர்க்குக் கருவித் துணை என்பது நாணமின்றி உழைத்து உண்ணும் வழியாகும்.

இத்துணை முதலிற் பார்வையற்றோர் பொருட்டே பிறந்தது. போரிற் கண்ணிழந்த வீரர் கலாசாலையிற் பயிலும்பொருட்டு, 1948-இல் நியூயார்க் நகரப் பொது நூலகத்தில் பாடநூல்களை இசைத்தட்டுகளில் வாசித்துப் பதிவு செய்யும் பணியொன்று தொடங்கிற்று. கண்ணுடையோராயினும் வாசிக்கவியலாதார் பலர் அப்பதிவுகளை நாடிவந்தமையால், அச்சங்கம் 1995-இல் டிஸ்லெக்ஸியா உடையோரையும் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது. இதற்கிடையே 1976-இல் ரே கர்ஸ்வைல் என்னும் அமெரிக்கர், அச்செழுத்தின் வடிவம் வேறுபடினும் அதனை உணர்ந்து குரலாக மாற்றி வாசிக்கும் யந்திரத்தை வெளிப்படுத்தினார். மேசையை அடைத்துநின்ற அந்த யந்திரத்தின் தொழிலை இன்று சட்டைப்பையிற் கிடக்கும் கைப்பேசி செய்கின்றது.

நிற்க. இக்கருவிகளால் விளையும் பயன் யாது? கலிபோர்னியா மாகாணத்து நார்த்ரிட்ஜ் சர்வகலாசாலையில் ஹிக்கின்ஸ், ராஸ்கைண்ட் என்னும் இருவர் கற்றற்குறையுடைய மாணவரைக்கொண்டே இதனை ஆராய்ந்தனர். மாணவர்கள் தாம் எழுதிய கட்டுரையிற் பிழை தேடுங்கால், கணினி அதனை உரக்க வாசிக்கக் கேட்டபோது, தாமே கண்ணாற் பார்த்தபோதினும், பிறரொருவர் வாசித்தபோதினும், மொத்தத்தில் மிகுதியான பிழைகளைக் கண்டனர். காரணம் ஊகித்தற்கு அரிதன்று. மனிதன் வாசிக்குங்கால் பிழையைத் தன்னையறியாமலே திருத்தி வாசித்துவிடுவான். யந்திரத்திற்கு அத்தகைய தாட்சிணியம் இல்லை.

1995-இல் வெளிவந்த அவர்தம் மற்றோர் ஆராய்ச்சி இதனினும் சுவையுடைத்து. வாயாற் சொல்வதை எழுத்தாக்கும் யந்திரத்தைக்கொண்டு மாணவர் கட்டுரை இயற்றியபோது, துணையின்றி எழுதியதினும் உயர்ந்த மதிப்பெண் பெற்றனர். அக்கட்டுரைகளில் நீண்ட ஆங்கிலச் சொற்கள் மிகுந்திருந்தன. எழுத்துக்கூட்ட அஞ்சும் மாணவன், தனக்குத் தெரிந்த பெருஞ்சொல்லை விட்டுக் கூட்டத்தெரிந்த சிறுசொல்லையே எழுதுகின்றான்; நாமோ அவன் அறிவே அவ்வளவென்று அளந்துவிடுகின்றோம்! இவ்வொன்றை எண்ணுந்தோறும், விடைத்தாள் திருத்தும் கை சற்றே தயங்குதல் வேண்டும் என்பது எம் கருத்து.

ஆயினும் கருவி எல்லார்க்கும் ஒருங்கே நன்று என்பாரை யாம் உடன்படோம். 1997-இல் அவ்விருவரே வெளியிட்ட ஆராய்ச்சியில், வாசிக்கும் யந்திரத்தால் மிக இடர்ப்படுவோரே மிகுதியான நன்மை பெற்றனர். சிறிதளவே குறையுடையோர்க்கு அது பொருளுணர்ச்சிக்கு இடையூறாகவும் நின்றது. ஓரளவு தாமே ஓடும் கண்ணை மெல்லச் செல்லும் குரல் பின்னின்று இழுக்கின்றது போலும். ஆதலின் ஒவ்வொருவரும் சின்னாள் இருவகையாகவும் வாசித்துப் பார்த்து, தமக்கு ஏற்றதைத் தாமே தெளிதல் நன்று. இவர்க்கென்றே வடித்த அச்செழுத்துகளைப் பற்றியும் விளம்பரம் பெரிது. 2016-இல் சிறுவரைக் கொண்டு நடந்த ஓர் ஆராய்ச்சி, அத்தகைய எழுத்தொன்றின் பயன் அதன் உருவத்தால் வந்ததன்று, எழுத்துக்கும் சொல்லுக்கும் இடையே விட்ட வெளியால் வந்ததே எனக் காட்டிற்று. வெளியை விரித்தலுக்குப் பொருட்செலவு ஒன்றுமில்லை.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றற்குறையையும் தன் பட்டியலிற் சேர்த்துள்ளது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட பரீட்சை விதிகள், சட்டம் குறித்த அளவு குறையுடையோர்க்கு மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத மிகைநேரமும், விடையைக் கணினியில் எழுத இடமும் கூறின. இதனைச் சலுகையென்று முணுமுணுப்பாருளர். பரீட்சை அளக்கப் புகுந்தது சரித்திர அறிவையோ, எழுத்துக்கூட்டும் விரைவையோ என்று அவர் முதலில் விடை கூறுவாராக.

தமிழில் இக்கருவிகள் இப்போது நன்றாகவே வாசிக்கின்றன. எனினும் நம் மொழிக்கே உரிய இடர் ஒன்றுண்டு. நாவிற் பெரும்பாலும் வேறுபாடு தோன்றாத ரகர றகரங்களைச் செவி பிரித்தறியாது. அறம் என்று எழுதவேண்டிய இடத்தில் அரம் என்று எழுதி, யந்திரத்தை வாசிக்கச்செய்து கேட்பவன் பிழை ஒன்றும் காணான். இத்தகைய இடங்களுக்குச் சொற்பிழை காட்டும் அகராதிப்பொறியும் உதவாது. இரண்டும் நல்ல சொற்களே அன்றோ? அங்கே பக்கத்து அறை நண்பன் ஒருவன் பத்து நிமிடம் உடனிருந்து தாளைப் பார்த்துத் தருதலே வழி.