சொத்து வரியை நிர்ணயிப்பது மன்றமா, கோட்டையா?

கேள்வி: தஞ்சாவூர் கீழவாசலில் எங்களுக்குப் பூர்வீக வீடு. பின்கட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். முன்பகுதியை மளிகைக்கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். சில ஆண்டுகளாகச் சொத்து வரி ஏறிக்கொண்டே போகிறது. கவுன்சிலரைக் கேட்டால், "எங்க கையில என்ன இருக்கு, எல்லாம் சென்னை உத்தரவு" என்கிறார். அப்படியானால் மார்ச் மாதத்தில் மாநகராட்சி போடும் பட்ஜெட் எதற்கு? நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: கவுன்சிலர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

முதலில் அந்த உண்மைப் பாதியைப் பார்ப்போம். 74ஆம் அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்குத் தனி அந்தஸ்து கொடுத்தது. ஆனால் என்ன வரி, எந்த வரம்புக்குள் என்பதை மாநிலச் சட்டமே தீர்மானிக்கும் என்று 243எக்ஸ் பிரிவு சொல்லிவிட்டது. சென்னை நீங்கலாகத் தமிழகத்து நகரங்களில் 2008-க்குப் பிறகு பத்தாண்டுகள் பொதுச் சீராய்வு நடக்கவில்லை. 2018-இல் உயர்த்தினார்கள், 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். இதற்கிடையே 15ஆவது நிதிக் குழு, சொத்து வரிக்கு ஒரு குறைந்தபட்ச வீதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வரி வசூலும் ஆண்டுதோறும் வளர வேண்டும், அப்போதுதான் மானியம் என்று நிபந்தனை போட்டது. 2022 மார்ச் இறுதியில் வந்த அரசாணைக்குப் பின்னணி இதுதான். தஞ்சாவூர் போன்ற நகரங்களில் 600 சதுர அடிக்குள் இருந்த குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என வரி உயர்ந்தது. கடைகளுக்கு 100, தொழிற்கூடங்களுக்கு 75.

அந்த ஆணை வந்த வேளையையும் கவனியுங்கள். 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை நம் நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர்கள்தான் பட்ஜெட்டுக்குக் கையெழுத்திட்டார்கள். 2022 பிப்ரவரி 19-இல் தேர்தல், மார்ச் 4-இல் மேயர் தேர்வு, அந்த மாதம் முடிவதற்குள் வரி உயர்வு ஆணை. நாற்காலி சூடேறும் முன்பே, வேறெங்கோ முடிவான வீதத்தைத் தீர்மானமாக நிறைவேற்றும் வேலை அவர்கள் தலையில் விழுந்தது. மக்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர்களை இப்படி ஒரு நிலையில் நிறுத்தியது சரியில்லை என்பது என் கருத்து. பதினான்கு ஆண்டுகள் நிலையான உயர்வு எதுவும் இல்லாமல் வைத்திருந்து ஒரே வீச்சில் உயர்த்தியதும் சரியில்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். உங்கள் வரி முக்கியமாக மூன்று விஷயங்களைப் பொறுத்தது: தெரு எந்த மண்டலத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது, கட்டடத்தின் பரப்பு என்ன, பயன்பாடு என்ன. இவற்றை வைத்து ஆண்டு வாடகை மதிப்பைக் கணக்கிட்டு அரையாண்டு வரி போடுகிறார்கள். வீதத்தை நீங்கள் மாற்ற முடியாது. அளவைச் சரிபார்க்க முடியும். 1,190 சதுர அடி வீடு பதிவேட்டில் 1,210 என்று இருந்தால், அந்த இருபது அடிக்காக உயர்வு 50-லிருந்து 75 விழுக்காடாகிவிடும். முன்பக்கக் கடை 200 அடியாக இருக்க, மொத்தக் கட்டடமும் வணிகம் என்று ஏறியிருந்தால் இழப்பு இன்னும் பெரிது. கேட்பு அறிவிப்பில் உள்ள வரி விதிப்பு எண்ணைக் கொண்டு வருவாய்ப் பிரிவில் உங்கள் பதிவைக் கேட்டு வாங்குங்கள். வீட்டை நாடா பிடித்து அளந்து, தவறிருந்தால் ஆணையருக்கு எழுத்தில் கொடுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. அதுவரை வரியைக் கட்டாமல் நிறுத்தி வைக்காதீர்கள், வட்டி ஏறும்.

அளவைப் பற்றிக் கவலைப்படுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் நிலத்தை மா, காணி, முந்திரிகை வரை பின்னமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு எல்லாவற்றையும் இறையிலி என்று கழித்துவிட்டு, மீதி நிலத்துக்குத்தான் காணிக்கடன். கழித்தது எது, மிச்சம் எவ்வளவு என்பதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். இன்று நம் பதிவேடும் அதே தெளிவோடு கையில் கிடைக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படியல்ல.

பட்ஜெட் எதற்கு என்று கேட்டீர்கள். மன்றத்துக்கு உண்மையான அதிகாரம் இருப்பது அங்கேதான். வரும் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதைக் கோட்டை மட்டும் முடிவு செய்வதில்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என்று மூன்று கணக்குகள் இருக்கும். (உங்கள் வரியோடு வசூலாகும் நூலக வரி, ரூபாய்க்குப் பத்துப் பைசா, மாநகராட்சியுடையதே அல்ல. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டிய பணம்.) ஆணையர் அலுவலகம் மதிப்பீட்டைத் தயாரித்து, வரிவிதிப்பு மற்றும் நிதிக் குழு பார்த்து, மார்ச் 31-க்குள் மன்றத்தில் நிறைவேற வேண்டும்.

அந்தப் புத்தகம் கையில் கிடைத்தால், கடைசிப் பக்கத்து உபரியையோ பற்றாக்குறையையோ முதலில் பார்க்காதீர்கள். முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொள்ளிடத்திலிருந்து வரும் குடிநீர்க் குழாய்ப் பராமரிப்புக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று அங்கே தெரியும். அடுத்து, கேட்பு–வசூல்–நிலுவைப் பட்டியல். ஒழுங்காகக் கட்டுகிறவர்கள்மீது சுமை ஏறிக்கொண்டே போக, பெரிய வணிகக் கட்டடங்களின் நிலுவை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறதா என்று காட்டும் பக்கம் அது. நெல்வயல்களைப் பிளாட் போட்டு விற்ற இடங்களில் காலிமனை வரி வசூலாகிறதா என்பதையும் கேளுங்கள். விவசாயம் நடக்கும் நிலத்துக்கு அந்த வரி கிடையாது. கல் நட்டுத் தரிசாய்க் கிடக்கும் மனைக்கு உண்டு.

கேட்க இடம் இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. கிராம சபைக்கு வரும் கூட்டம் இதற்கு வருவதில்லை என்பது வருத்தமான விஷயம். பட்ஜெட் நிறைவேறிய பிறகு கவுன்சிலரிடம் கோபப்படுவதைவிட, தை, மாசியிலேயே உங்கள் தெருவின் வடிகால் கோரிக்கையை அந்தச் சபையில் வைத்து, நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். "எங்க கையில என்ன இருக்கு" என்ற கவுன்சிலரையும் அதே கூட்டத்தில் நிலுவைப் பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். அது அவர் கையில் இருக்கிறது.

இன்னொன்று: முதல் அரையாண்டு வரியை ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு, ரூ.5,000 வரை. இரண்டாம் அரையாண்டுக்கு அக்டோபர் மாதம்.