கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

அமெரிக்காவில் ட்ராவல் ட்ரெய்லர் இழுக்க பிக்கப் வாங்கப் போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடும் இழுவைத் திறனை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். "11,000 பவுண்டு இழுக்கும், 7,000 பவுண்டு ட்ரெய்லர் எம்மாத்திரம்?" என்பார் விற்பனையாளர். அந்த எண் பொய்யில்லை. உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். அந்த எண்ணைக் கணக்கிடும் எஸ்.ஏ.இ. ஜே2807 சோதனை முறையில் ஆளுக்கு 150 பவுண்டு வீதம் இரண்டே பேர்தான் கணக்கு. பின்சீட்டுப் பிள்ளைகளும் பின்தொட்டி ஜெனரேட்டரும் அதில் இல்லை.

முதலில் தீர்ந்துபோவது பேலோடு, அதாவது வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய எடை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டையோடு ஒரு ஸ்டிக்கர் தெரியும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவைத் தாண்டக் கூடாது என்று அந்த வண்டிக்கே உரிய எண் அதில் இருக்கும். ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் வழியாக வண்டிமேல் இறங்குகிறது. 7,000 பவுண்டில் 13 சதவீதம் 910. எடை பகிரும் ஹிட்ச் 100, நான்கு பேர் 600, சாமான் 150 என்று வைத்தால் மொத்தம் 1,760. வசதிகள் கூடக் கூட வண்டியின் சொந்த எடை ஏறி பேலோடு இறங்கும்; ஸ்டிக்கரில் 1,500 போட்டிருந்தால், இழுவைத் திறனில் 4,000 மிச்சமிருக்கும்போதே 260 பவுண்டு அதிகச் சுமை.

எடை பகிரும் ஹிட்ச் இருக்கிறதே என்பார்கள். அது சுமையில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் ட்ரெய்லர் அச்சுக்கும் தள்ளும். ஸ்டிக்கர் எண்ணை உயர்த்தாது. பின் சஸ்பென்ஷனில் பொருத்தும் ஏர் பேக் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும். அச்சையும் டயரையும் பலப்படுத்தாது. ட்ரெய்லரின் காலி எடை குறைவுதானே என்பதும் செல்லாது. 40 காலன் தண்ணீர் மட்டுமே 330 பவுண்டு. ஆகவே ட்ரெய்லரின் உச்ச எடையை வைத்தே கணக்குப் போட வேண்டும். கூடுதல் சுமை தாங்கும் முக்கால் டன் பிக்கப் விலை அதிகம், குலுக்கும் என்பது நியாயமான வாதம். அப்படியென்றால் சின்ன ட்ரெய்லர் எடுங்கள். வண்டியின் வரம்பை மீறாதீர்கள்.

இந்தக் கணக்கு விற்பவருக்குத் தேவையில்லை, மலைச் சரிவில் பிள்ளைகளோடு இறங்குகிறவருக்குத்தான் தேவை. முன்பணம் கட்டுமுன் கதவைத் திறந்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கியபின், சாமான் ஏற்றி, ட்ரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) எடை மேடையில் ஒருமுறை எடை போடுங்கள்.