முத்து என்னும் சொல்

சிலாபம் என்னும் ஊர்ப்பெயரின் பொருளை எம் மாணவருள் எத்துணைபேர் அறிவர்? சலாபம், சிலாபம் என்பன தமிழில் முத்துக்குளித்தலைக் குறிக்கும் சொற்கள். மன்னார்ப் பகுதியிலுள்ள சிலாபத்துறை என்னும் பெயரும் இதனை வலியுறுத்தும். போர்த்துக்கேயரோ மன்னார்க் குடாவின் திட்டுகளையெல்லாம் சிலாபத்தின் பெயராலேயே வழங்கினர். 1344ஆம் ஆண்டு புத்தளத்திற்கு வந்த இபின் பத்தூத்தா, கடலிற் குளித்தெடுத்த முத்துக்களை ஆரியச்சக்கரவர்த்தியின் அலுவலர் தரம் பிரித்துக்கொண்டிருந்த காட்சியைத் தம் பயணநூலிற் குறித்துள்ளார்.

இத்தகைய கரையிலே வாழும் மாணவர் இருவர், முத்து என்பது எம்மொழிச் சொல் என்று ஒருநாள் வகுப்பிற் சினந்து வாதிட்டனர். இருவரும் உண்மையை நாடினாரல்லர், உரிமையையே நாடினர். அன்னார் பொருட்டே இச்சிறு கட்டுரை எழுந்தது.

தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் முத்து, தெலுங்கில் முத்தியமு, பாளியில் முத்தா, வடமொழியில் முக்தா, சிங்களத்தில் முத்து என்பதன் ஒற்று நீங்கிய முது. மலாய் மொழியின் முத்தியாரா என்பதும் இக்குடும்பத்ததே. இவற்றுள் மூலம் யாது?

அறிஞர் கருத்து இரு திறப்படும். முதற் சாரார், முக்தா என்பதே மூலம் என்பர். விடுபட்டது என்பது அதன் பொருள். சிப்பியினின்று விடுபடலின் முத்து அப்பெயர் பெற்றது என்பது அவர் கொள்கை. பக்தி பத்தியாகவும் முக்தி முத்தியாகவும் தமிழில் வருதல் போல, முக்தாவும் முத்து ஆயிற்று என்பர். இவ்வொலித்திரிபு முறையானதே, எளிதில் தள்ளத்தக்கதன்று.

மற்றைச் சாரார், தென்மொழிச் சொல்லே வடக்கே சென்றது என்பர். அவர் காட்டும் சான்றுகள் மூன்று. இருக்குவேதத்தில் முத்தைக் குறிக்கும் சொல் கிருசனம் என்பதாம். முக்தா என்பது பின்னரே தோன்றியது. அடுத்து, முத்து விளையும் கடல் தென்கடல். அர்த்தசாஸ்திரம் முத்தின் வகைகளைக் கூறுமிடத்துத் தாமிரபர்ணிக்கும் பாண்டி நாட்டுக்கும் உரியவற்றை முன்வைக்கின்றது. மூன்றாவது, தமிழில் இச்சொல் கடல்முத்தோடு நின்றுவிடவில்லை. ஆமணக்கு முத்து, வேப்பமுத்து என வித்தையும், அம்மை முத்து என உடலில் எழும் கொப்புளத்தையும் அது குறிக்கின்றது. உருண்டு திரண்ட சிறுபொருள் என்பதே அடிப்படைக் கருத்து எனின், முத்து என்னும் பெயர் அதற்கு இயல்பாகவே பொருந்தும். அச்சொல்லைக் கேட்ட வடநாட்டார், பத்தி பக்தியிலிருந்து வந்தமை போல இதுவும் ஏதோ ஒரு வடசொல்லின் திரிபு என மயங்கி, முக்தா எனத் திருத்தியமைத்தனர் என்பர்.

சிங்கள முது இவ்வழக்கைத் தீர்க்க உதவாது. இரட்டித்த ஒற்று ஒன்றாதல் அம்மொழியின் இயல்பாதலின், அது பாளியினின்றும் வந்திருக்கலாம், தமிழினின்றும் வந்திருக்கலாம். தேவநம்பியதீசன் ஆட்சியில் எண்வகை முத்துக்கள் கரையொதுங்கின என்றும், அவற்றை அவன் அசோகனுக்கு அனுப்பினான் என்றும் மகாவமிசம் கூறும். பொருளும் சொல்லும் இக்கடலைக் கடந்து இருபுறமும் சென்றமைக்கு இஃதொரு சான்று.

எம்மளவில், இரண்டாவது கொள்கையே வலிமையுடையதாகத் தோன்றுகின்றது. ஆயினும் மாணவர் கொள்ளவேண்டியது முடிவை மட்டுமன்று, முறையையுமாம். ஒலி ஒத்தல் மட்டும் போதாது. சொல் தோன்றிய காலம், பொருள் பிறந்த இடம், சொல்லின் பிற வழக்குகள் ஆகியவற்றையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். எம்மொழிக்குச் சார்பான சான்றை ஆராயும்போது இருமடங்கு விழிப்பு வேண்டும். விரும்பிய முடிவை மனம் விரைந்து நம்பும்.

ஒரு மொழி பிறிதொரு மொழியினின்று சொல்லேற்றல் இழுக்கன்று. கொடுத்தல் ஆணவத்திற்குக் காரணமுமன்று. முத்துக்குளிப்புக் காலத்திலே தமிழரும் முஸ்லிம்களும் மலையாளிகளும் அராபியரும் இக்கடலில் ஒருங்கு மூழ்கினர். மூழ்கியவனின் உயிர் மேலே கயிறு பற்றியவன் கையில் இருந்தது. அக்கயிற்றைப் பற்றியவன் எம்மொழி பேசினான் என்று மூழ்கியவன் வினவியிரான். வகுப்பில் வாதிட்ட எம் மாணவர் இருவரும் இதனை எண்ணிப் பார்ப்பாராக.