நாற்பத்தெண்மர் வழியில் நாங்கள் எழுவர்

பழந்தமிழிசை என்றவுடன், அது ஏட்டில் உறங்கும் இலக்கணம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் அது இன்றும் வாய்மொழியாக வாழ்ந்து வருகிறது. வேப்பந்தட்டையில் மாணவ மாணவியராகிய நாங்கள் எழுவர், சனிக்கிழமை மாலைதோறும் கூடித் தேவாரப் பண்ணிசை பழகி வருகிறோம். அக்குழுவில் நானும் ஒருத்தி. அங்குக் கற்றதையும், அதன்பொருட்டு நூலகத்தில் படித்ததையும் இங்குத் தொகுத்துரைக்க விழைகின்றேன்.

தஞ்சைக் கல்வெட்டு

குழுவாகக் கூடித் திருப்பதியம் பாடும் வழக்கிற்குச் சிறந்ததொரு சான்று தஞ்சைப் பெரிய கோவிலில் உள்ளது. முதலாம் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டிற்குள், அதாவது கி.பி. 1014 அளவில், திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் முழக்க ஒருவரையும் அமர்த்தியிருந்தான். ஆக ஐம்பதின்மர். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். அவர்தம் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

என்னைப் பெரிதும் கவர்ந்தது அதன்பின் வரும் விதியாகும். பாடுவோர் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ, அவருக்கு அடுத்த உறவினர் பாட வேண்டும். அவர் தகுதியற்றவராயின், தகுதியுடைய ஒருவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும். உறவினரே இல்லையெனில், எஞ்சிய பாடகர்கள் தக்கவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாட்டு ஒருநாளும் அறுபடக் கூடாது என்பதே மன்னனின் கருத்து.

இருவேறு வழிகள்

அதே 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்தாலி நாட்டு அரெசோ நகரில் குய்தோ என்னும் கிறித்தவத் துறவி, கோடுகளின்மீது சுரக்குறிகளை எழுதும் முறையை வகுத்தார். அம்முறை வளர்ந்ததனால், ஐரோப்பியக் குழுவினர் இன்றும் பழைய ஏடுகளைப் பார்த்து இடைக்கால இசையைப் பாடுகின்றனர். அங்கு இசையைத் தாள் தாங்கியது. இங்கு ஆள் தாங்கினார்.

தேவாரச் சுவடிகள் சொற்களைக் காத்தன. பண் மறைந்தபோது, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணி அதனை வகுத்துத் தந்தார் எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். பின்னர் ஓதுவார்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிக் காத்தனர். இன்று நாம் கேட்கும் ஓசை அன்றைய ஓசையே எனச் சாதிப்பதற்கில்லை. எனினும், இவ்வளவேனும் எஞ்சியது அவர்களால் அன்றோ?

திருமழபாடிப் பாடம்

நமக்கு அண்மையில், அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடி மூவர் பாடலும் பெற்ற தலம். சுந்தரரின் அவ்வூர்ப் பதிகம் நட்டராகப் பண்ணில் அமைந்தது. அப்பண்ணை இக்காலத்துப் பந்துவராளியோடு ஒப்பிடுவர். அதனைத் தாளத்தோடு பாடுகிறோம். இது பண்ணாங்கம் எனப்படும். அப்பர் பாடிய திருத்தாண்டகங்களோ தாளமின்றிப் பாடப்படுவன. இது சுத்தாங்கம்.

தாளம் இருக்கும்போது கை நம்மை ஒன்றுசேர்க்கிறது. தாளம் இல்லாதபோது எழுவரும் எவ்வாறு ஒன்றாகப் பாடுவது? தாண்டகத்தின் அடி எட்டுச் சீர் கொண்டது. நான்காம் சீரில் மூச்சு வாங்குகிறோம். பொருள் முடியுமுன் எவரும் நீட்டுவதில்லை. ஒருவர் முதலில் பாட, மற்றவர் தொடர்கிறோம். பக்கத்தில் இருப்பவரின் மூச்சொலியைக் கேட்டுத் தம் குரலைச் சற்றே தாழ்த்துபவரே குழுவிற்கு ஏற்றவர். தனிப்பாடலில் சிறப்பெனப்படும் கமகமும் பிருகாவும் இங்கு இடையூறாகும். ஒரு குரல் தனித்துக் கேட்டால், அன்று பாட்டு சரியில்லை என்றே பொருள்.

முடிவுரை

கல்லூரிக் குழுவிற்கு ஒரு குறை உண்டு. மூன்றாண்டில் பாட்டு படியும் வேளையில் பட்டம் வந்துவிடும். இவ்வாண்டு எங்களுள் நால்வர் விடைபெறுகின்றோம், எஞ்சுவோர் மூவரே. தாண்டகம் பாட மூவர் மூச்சுப் போதாது. எனவே தஞ்சைக் கல்வெட்டின் விதியையே எங்கள் விதியாகக் கொண்டுள்ளோம்: செல்வோர் ஒவ்வொருவரும், புதிதாக ஒருவருக்கு ஒரு பதிகமேனும் கற்பித்த பின்னரே செல்ல வேண்டும். நான் கற்பிக்கவேண்டிய அந்த ஒருவர் இன்னும் கிடைத்திலர். முதலாண்டு நண்பர்களே, சனிக்கிழமை மாலை வாருங்கள். இனிய குரல் வேண்டுவதில்லை. கேட்கும் செவி இருந்தால் போதும்.